கரண்டிக்கும் காய்ச்சலுக்கும் ஒரே 'வித்'

என் தங்கை மகள் பாளையங்கோட்டையில் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சிக்கு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். சென்ற முறை வந்தபோது, குளித்துச் சாப்பிட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டை என் மடியில் வைத்தாள். நோயாளிகளைப் பற்றி நாள்தோறும் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிப் பழகும் நோட்டு அது. அதில் 'தி பேஷண்ட் வாஸ் ஆங்கிரி ஆன் மீ' என்று ஒரு வாக்கியம் இருந்தது. 'ஆன்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடப்பட்டிருந்தது. என்ன பிழை, ஏன் பிழை என்று பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

"பெரியம்மை, எல்லாருக்கும் இப்படித்தான் வட்டம் போட்டுக் குடுத்துட்டாவ. 'வித்'துன்னு போடணுமாம். ஏன்னு கேட்டா, அது அப்படித்தான்னு சொல்லுதாவ."

முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிகளில் தமிழ் நடத்தியவள் நான். ஆங்கிலம் நடத்தியவள் இல்லை. ஆனாலும் 'அது அப்படித்தான்' என்ற பதிலைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் கோபம் ஆள் மேல் வருகிறது. 'என் மேல் அவருக்குக் கோபம்' என்கிறோம். பிரியமும் மேல்தான், சந்தேகமும் மேல்தான், பழியும் மேல்தான். 'மேல்' என்றால் 'ஆன்' என்று சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்ட பெண், கோபத்துக்கும் அதையே போட்டாள். ஆங்கிலக்காரர் கோபத்தை ஆளோடு சேர்த்து 'வித்' என்கிறார். பிரியத்துக்கு 'ஃபாண்ட் ஆஃப்' என்று 'ஆஃப்' போடுகிறார். சந்தேகத்துக்கும் 'சஸ்பிஷஸ் ஆஃப்' என்று அதையே போடுகிறார். பழி போடும்போது மட்டும் 'பிளேம் ஆன்' என்று நம்மோடு ஒத்துப்போகிறார். அவள் மொழியறிவில் குறை இல்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட அட்டவணையில்தான் குறை.

அந்த அட்டவணையை அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்தேன். நான் படித்த காலத்திலும் கிட்டத்தட்ட இதே அட்டவணைதான். 'இன்' என்றால் இல், 'ஆன்' என்றால் மேல், 'டு' என்றால் கு, 'வித்' என்றால் உடன், 'ஆஃப்' என்றால் உடைய, 'பை' என்றால் ஆல். ஆங்கில முன்னிடைச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் உருபை ஜோடி சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த வட்டாரம் முழுவதும் வழக்கமாக இருக்கிறது. இந்த ஜோடிகளில் முழுமையாகப் பொருந்தும் ஜோடி ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் அன்று மாலை முழுவதும் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் நம் 'இல்' உருபையே எடுத்துக்கொண்டோம். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினேன், பிளாட்ஃபாரத்தில் நின்றேன், வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்தேன் என்று மூன்று இடத்துக்கும் நாம் ஒரே உருபைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் ஜங்ஷனுக்கு 'அட்', பிளாட்ஃபாரத்துக்கு 'ஆன்', வெயிட்டிங் ரூமுக்கு 'இன்'. பேசுகிறவர் அந்த இடத்தை எப்படி மனத்தில் வைத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து இந்த மூன்றும் பிரிகின்றன. பயணத்தில் வரும் ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்', கால் பதியும் பரப்பாக நினைத்தால் 'ஆன்', சுற்றிச் சுவருள்ள உட்புறமாக நினைத்தால் 'இன்'. தாமிரபரணியில் குளிக்கும்போது 'இன் தி ரிவர்'. படித்துறையில் ஒருவருக்காகக் காத்து நிற்கும்போது 'அட் தி ரிவர்'. அம்பாசமுத்திரம் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது என்று சொல்லும்போது 'ஆன் தி ரிவர்'. கடைசியாகச் சொன்ன 'ஆன்' என்பதற்கு ஆற்றின் மேல் ஊர் மிதக்கிறது என்று பொருளில்லை. கரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுவரில் மாட்டிய காலண்டருக்கும் 'ஆன்' வருவது இந்தத் தொடுதலால்தான். 'ஆன்' என்பதை 'மேல்' என்று படித்த பிள்ளைக்குச் சுவர்க் காலண்டர் விளங்காது. 'தொட்டு' என்று படித்த பிள்ளைக்கு விளங்கிவிடும்.

பஸ்ஸில் வந்தாள் என்பதற்கு 'ஆன் தி பஸ்' என்றும், ஆட்டோவில் வந்தாள் என்பதற்கு 'இன் தி ஆட்டோ' என்றும் வருவதை மட்டும் வழக்கு என்று ஏற்றுக்கொள்ளச் சொன்னேன். எழுந்து நடமாடக்கூடிய பெரிய வண்டிக்கு 'ஆன்', ஏறி உட்கார மட்டுமே இடமுள்ள சின்ன வண்டிக்கு 'இன்' என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

காலத்தைக் குறிக்கும் இடத்தில் நம்முடைய மொழியும் ஒரே சீராக இல்லை என்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். ஐந்து மணிக்கு வா என்று நான்காம் உருபைப் போடுகிறோம். திங்கட்கிழமை வா என்று உருபே இல்லாமல் விடுகிறோம். சித்திரையில் வா என்று ஏழாம் உருபைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் முறையே 'அட்', 'ஆன்', 'இன்'. திங்கட்கிழமைக்கு முன்னால் 'ஆன்' போட நம் பிள்ளைகள் மறப்பதற்குக் காரணம், தமிழில் அங்கே ஒன்றும் இல்லாததுதான். மாறாக, நம் பேச்சு கைகொடுக்கும் இடங்களும் உண்டு. மருத்துவமனையில் 'பை சிக்ஸ்' என்பதற்கும் 'அன்டில் சிக்ஸ்' என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் அவளுடைய தோழி ஒருத்தி விழித்தாளாம். தமிழில் இதில் குழப்பமே வராது. ஆறு மணிக்குள் மருந்தைக் கொடு என்பது 'பை'; ஆறு மணி வரை குளுக்கோஸ் ஏறட்டும் என்பது 'அன்டில்'. ஆறு மணி நேரத்துக்கு என்றால் 'ஃபார்'. ஆறு மணி நேரத்துக்குள் என்றால் 'வித்இன்'. உருபுக்கு உருபு ஜோடி தேடாமல், பொருளைத் தமிழில் முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடுகிறது.

நாங்கள் உட்கார்ந்திருந்தது பத்தமடைப் பாயில். என் கல்யாணத்துக்கு என் ஆச்சி சொல்லி நெய்வித்த பாய். ஓரத்தில் எங்கள் இருவர் பெயரும் நெய்யப்பட்டிருக்கும். இந்தப் பாய் கோரையால் ஆனது, கையால் நெய்யப்பட்டது, பத்தமடைப் பெண் ஒருவரால் நெய்யப்பட்டது என்று மூன்று வாக்கியங்கள் சொல்லி, மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். தமிழில் மூன்றிலும் 'ஆல்'. அவள் மூன்றுக்கும் 'பை' போட்டாள். இரண்டும் மூன்றும் சரி. முதலாவதில் 'மேட் ஆஃப்' என்று வர வேண்டும். பொருள் தன் உருவை இழக்காமல் கண்ணுக்குத் தெரிந்தால் 'ஆஃப்'. உருமாறிப் போயிருந்தால் 'ஃப்ரம்'. பாயை விரலால் தடவினால் கோரை தெரிகிறது, ஆகவே 'ஆஃப்'. கரும்பிலிருந்து வந்த வெல்லத்தில் கரும்பு தெரியாது, ஆகவே 'ஃப்ரம்'. அவள் பாயின் விளிம்பைத் திருப்பிப் பார்த்து, மயிரிழை போலக் கீறிய கோரையையும் ஊடே ஓடும் பருத்தி நூலையும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகுதான் பேச்சு இலக்கணத்துக்குப் போனது. வேற்றுமை உருபுகள் பெயரின் பின்னால் வந்து ஒட்டுபவை; ஆங்கிலத்தில் அவற்றின் வேலையைச் செய்பவை பெயரின் முன்னால் தனிச் சொல்லாக நிற்பவை. வெளித்தோற்றத்தில் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். இரண்டும் பெயரைப் பிடித்துக்கொண்டு போய் வேறொரு சொல்லோடு இணைக்கின்றன. பழைய ஆங்கிலத்தில் அவர்களுக்கும் நம்மைப் போலச் சொல்லின் இறுதியில் உருபுகள் இருந்தன. கல் என்பதற்கு 'ஸ்டான்', கல்லினது என்பதற்கு 'ஸ்டானெஸ்', கல்லுக்கு என்பதற்கு 'ஸ்டானெ', கற்களுக்கு என்பதற்கு 'ஸ்டானும்' என்று எழுதினார்கள். காலப்போக்கில் சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்து ஒன்றாகிப்போகவே, அந்த வேலையை முன்னிடைச்சொற்களும் சொல்வரிசையும் ஏற்றுக்கொண்டன. இன்று பெயர்ச்சொல்லில் மிஞ்சியிருப்பது உடைமையைக் காட்டும் 'ஸ்' ஒன்றுதான். அது அந்த 'ஸ்டானெஸ்' என்பதன் வால். 'ஹிம்' என்பதுகூட ஒரு காலத்தில் 'அவனுக்கு' என்ற உருவாகத்தான் இருந்தது. 'கிவ் ஹிம் மெடிசின்' என்னும்போது 'டு' இல்லாமலே பொருள் விளங்குகிறதே என்று அவள் கேட்டாள். அந்த 'ஹிம்' நம் 'அவனுக்கு' போல உருபு ஏற்ற சொல்லாகவே முன்பு இருந்தது என்று சொன்னதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

நன்னூல் இரண்டாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் அடைதல், நீத்தல், ஒத்தல் என்பனவும் உண்டு. ஊரை அடைந்தான், ஊரை நீங்கினான், தந்தையை ஒத்தான். இவற்றுக்கான ஆங்கில வினைகள் 'ரீச்', 'லீவ்', 'ரிசெம்பிள்'. மூன்றுமே முன்னிடைச்சொல் எதையும் கேட்பதில்லை. பெயரை நேரடியாகப் பிடித்துக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் 'ரீச்ட் டு திருநெல்வேலி' என்று எழுதுவது ஏன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். நாம் பேச்சில் ஊரை அடைந்தேன் என்று சொல்வதில்லை. ஊருக்கு வந்து சேர்ந்தேன் என்கிறோம். அந்தக் 'கு'தான் ஆங்கிலத்தில் 'டு' ஆகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுத்துத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்தால் அந்தத் தவறு நேராது. 'டிஸ்கஸ் அபவுட்' என்ற பிழையும் இப்படி வந்ததுதான். நோயாளியைப் பற்றிப் பேசினோம் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நோயாளியின் நிலையை விவாதித்தோம் என்று நினைத்தால் 'அபவுட்' வர இடமில்லை. இது எல்லா வினைக்கும் ஒத்து வரும் மந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டைக் கேட்டாள் என்று நாம் இரண்டாம் வேற்றுமையில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் 'லிஸன் டு' என்று 'டு' வருகிறது. அதை வினையோடு சேர்த்து ஒரே சொல்லாகவே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு வேலையில் நேரடியாக ஆபத்து தரக்கூடிய ஓர் இடம், பயம். ஊசிக்குப் பயப்படுகிற பிள்ளை என்பதை அவள் 'அஃப்ரெய்ட் ஃபார் தி இன்ஜெக்ஷன்' என்று எழுதியிருந்தாள். 'கு' உருபுக்கு 'டு', 'ஃபார்' இரண்டுமே வரும் என்று அவள் அறிந்திருந்ததால் வந்த பிழை. 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்றால் அந்தப் பொருளைக் கண்டு பயம். 'அஃப்ரெய்ட் ஃபார்' என்றால் அவருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். வார்டில் ஒரு தாயைப் பற்றி 'அஃப்ரெய்ட் ஃபார் தி சைல்ட்' என்று எழுதினால், பிள்ளையை நினைத்துக் கலங்குகிறாள் என்று பொருள். 'அஃப்ரெய்ட் ஆஃப் தி சைல்ட்' என்று எழுதினால், பிள்ளையைக் கண்டே அஞ்சுகிறாள் என்று ஆகிவிடும். அடுத்த ஷிஃப்டுக்கு வரும் செவிலியர் இதைப் படித்துவிட்டு அந்தத் தாயிடம் எப்படிப் பேசுவார் என்று அவளையே நினைத்துப் பார்க்கச் சொன்னேன்.

நான் அன்று அவளுக்குச் சொல்ல விரும்பிய முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. அவள் நோட்டில் பிழையில்லாத வாக்கியம் ஒன்று இருந்தது: 'ஐ கேவ் தி மெடிசின் டு தி சைல்ட் வித் எ ஸ்பூன்.' அதற்குக் கீழே 'எ ஸ்பூன்' என்பதை அடித்துவிட்டு 'ஃபீவர்' என்று எழுதச் சொன்னேன். பிறகு அதையும் அடித்துவிட்டு 'மில்க்' என்று எழுதச் சொன்னேன். மூன்று வாக்கியங்களிலும் சொல்வரிசையில் துளி மாற்றமில்லை. 'வித்' அதே இடத்தில் நிற்கிறது. இப்போது மூன்றையும் தமிழில் சொல் என்றேன். கரண்டியால் பிள்ளைக்கு மருந்து கொடுத்தேன். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு மருந்து கொடுத்தேன். மருந்தைப் பாலோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுத்தேன். கரண்டி, 'கொடுத்தேன்' என்ற வினையைப் போய்ப் பிடிக்கிறது. காய்ச்சல், 'பிள்ளை' என்ற பெயரைப் போய்ப் பிடிக்கிறது. பால், மருந்தின் பக்கம் சாய்கிறது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டும் அடையாளம் வாக்கியத்தில் எங்குமே இல்லை. படிப்பவர் தம் உலக அறிவால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தமிழில் இது முடியாது. அட்டவணையை நம்பி, காய்ச்சலோடு பிள்ளைக்கு மருந்து கொடுத்தேன் என்று சொன்னால், காய்ச்சல் இருப்பது மருந்து கொடுத்தவளுக்கு என்று ஆகிவிடும். 'காய்ச்சலோடு' என்பது வினையை நோக்கி ஓடி, அதைச் செய்தவளிடம் போய் நின்றுவிடுகிறது. அதைப் பிள்ளையோடு கட்ட வேண்டுமானால் 'உள்ள', 'இருக்கிற', 'வந்த' என்று ஒரு பெயரெச்சத்தை இடையில் வைக்க வேண்டும்.

எந்த வேற்றுமை பெயரைக் கொண்டு முடியும், எது வினையைக் கொண்டு முடியும் என்று நன்னூலில் ஒரு நூற்பாவே இருக்கிறது. ஆறாம் வேற்றுமையும், ஐந்தாம் வேற்றுமையில் எல்லைப் பொருளும் பெயரைக் கொள்ளும். நான்காவதும் ஏழாவதும் பெயர், வினை இரண்டையும் கொள்ளும். மற்றவை வினையைக் கொள்ளும். பெரும்பாலும் இப்படித்தான் என்று அந்த நூற்பா முடிகிறது. 'பெரும்பாலும்' என்ற அந்தச் சொல்லை நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வேன். விதியை எழுதுகிறவர் வழக்குக்கு இடம்விட்டு எழுதியிருக்கிறார். பாய்க்குக் கோரை என்றால் 'கு' பெயரைப் பிடிக்கிறது. பாய்க்குப் பணம் கொடுத்தார் என்றால் வினையைப் பிடிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் தமிழ் உருபுகளிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் ஆங்கில வாக்கியம் ஒன்றைப் பார்க்கும் மாணவி இன்று ஒவ்வொரு முன்னிடைச்சொல்லிடமும் கேட்க வேண்டியிருக்கிறது: நீ யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், பெயரையா, வினையையா?

இதை எழுதும்போது எனக்கு ஓர் உரிமை உணர்வு வருவதை மறைக்க விரும்பவில்லை. அந்த நன்னூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயப் புலவர் திருநெல்வேலிக்காரர். ஊற்றுமலை மருதப்பத் தேவர் கேட்டுக்கொண்டதால் எழுதினார். அந்த உரையைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவர் பிறந்த விக்கிரமசிங்கபுரம், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில்தான் இருக்கிறது. பின்னால் இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் வேற்றுமையைப் பற்றி நிறைய எழுதினார். எட்டு என்ற எண்ணிக்கை வடமொழி இலக்கணத்தை ஒட்டி வகுத்துக்கொண்டது என்பதும், உருபுகளில் பல முதலில் தனிச் சொற்களாக இருந்தவை என்பதும் அவர் கருத்து. இரண்டாவதை நம் வாயிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'என்னிடம்' என்பதில் 'இடம்' அப்படியே இருக்கிறது. 'பற்றி', 'நோக்கி', 'குறித்து', 'கொண்டு' எல்லாம் பச்சை வினைகள். ஆங்கிலத்தில் 'கன்சர்னிங்', 'ரிகார்டிங்' என்பனவும் வினையிலிருந்து வந்தவைதாம். 'பிசைட்' என்பதில் பக்கம் என்னும் பொருளுள்ள 'சைட்' ஒளிந்திருக்கிறது. இந்த மண்ணில் இவ்வளவு பேர் உட்கார்ந்து யோசித்த ஒரு பொருளை, ஆறு வரி அட்டவணையாகச் சுருக்கி நம் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறோமே என்பதுதான் எனக்கு வருத்தம். ஆங்கில வகுப்பில் தமிழ் இலக்கணத்தை எடுக்கக் கூடாது என்று நினைக்கிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். எடுத்தால்தான் பிள்ளைக்குத் தன் பிழை எங்கே பிறந்தது என்று தெரியும். தெரிந்துகொண்ட பிள்ளைக்குச் சிவப்பு வட்டம் அவ்வளவு வலிக்காது.

விளக்கு ஏற்றும் நேரமாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. நோட்டில் உள்ள ஒவ்வொரு முன்னிடைச்சொல்லிலிருந்தும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அது பிடிக்கும் பெயரிலோ வினையிலோ கொண்டுபோய் முடித்துக்கொண்டிருந்தாள். அப்படிக் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டாள். 'ஐ ஸ்போக் டு தி மதர் ஆஃப் தி சைல்ட் இன் தி வார்ட்.' 'ஆஃப்' என்பதிலிருந்து 'மதர்' என்பதற்குக் கோடு போய்விட்டது. 'இன்' என்பதன் மேல் வைத்த பென்சில் நகரவில்லை.

"பெரியம்மை, வார்டுல இருந்தது அம்மாவா, பிள்ளையா, நானா?"

"ஏட்டி, நீதான எழுதின. உனக்குத்தான தெரியும்."

"நான்தான் வார்டுல வச்சுப் பேசினேன். பிள்ளைய அப்ப ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாவ."

அப்படியானால் படிக்கிறவர் பிள்ளை வார்டில் இருந்ததாக நினைத்துக்கொள்ள இடமிருக்கிறதா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்தாள். வார்டைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்து, 'ஆஃப்' என்பதையும் எடுத்துவிட்டு, பழைய ஆங்கிலத்திலிருந்து மிஞ்சிய அந்த ஒற்றை 'ஸ்' ஒலியைப் பிள்ளையின் பக்கத்தில் போட்டாள்: 'இன் தி வார்ட், ஐ ஸ்போக் டு தி சைல்ட்ஸ் மதர்.' பிறகு 'இன்' என்பதிலிருந்து 'ஸ்போக்' வரைக்கும் ஒரு நேர்கோடு இழுத்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.